நீதிபதிகளை அமர்த்துவது யார், அகற்றுவது யார்?

(கம்பம்மெட்டில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் கம்பத்திலிருந்து மலையேறி வரும் ஜீப்புகளில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஏலத் தோட்டங்களுக்கு வருகிறார்கள். மாலையில் அதே ஜீப்புகளில் இறங்கிச் செல்கிறார்கள். ஒரே நாளில் மாநில எல்லையை இருமுறை கடக்கும் இம்மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் இரண்டு பெரிய கேள்விகளுக்கு இந்த மலையிலோ, கீழே உள்ள பள்ளத்தாக்கிலோ விடை கிடைப்பதில்லை. இரண்டும் தில்லியில், உச்ச நீதிமன்றத்தில் முடிவு செய்யப்படுகின்றன.

முதலாவது, தண்ணீர். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் அதைத் தடுக்கும் வகையில் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் செல்லாது என்று 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2011 டிசம்பரில் எல்லையில் பதற்றம் மூண்டபோது ஜீப்புகள் நின்றன. கூலியை இழந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்.

இரண்டாவது, நிலம். ஏலமலைக் காடுகள் வனத்துறைக்கு உரியவையா, வருவாய்த்துறைக்கு உரியவையா என்ற சிக்கல் திருவிதாங்கூர் அரசு 1897இல் வெளியிட்ட அறிவிக்கையிலிருந்து தொடங்குகிறது. அந்த அறிவிக்கை குறிப்பது சுமார் 15 ஆயிரம் ஏக்கரையா, 2 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பையா என்பதுதான் வழக்கு. இப்பகுதியில் புதிய பட்டாக்கள் வழங்குவதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாகத் தடுத்து நிறுத்தியது. உடும்பன்சோலை வட்டத்தின் சிறு விவசாயி தன் வீடு நிற்கும் மண் காடா, தோட்டமா என்பதை அறிய அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்.

இவ்வளவு அதிகாரம் கொண்ட அந்த நாற்காலிகளில் யார் அமர்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அமர்ந்தவர் தவறு செய்தால் யார் அகற்றுவது? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதே இன்றைய உரை.

நிலச் சீர்திருத்தத்தைச் சந்தித்த நீதிமன்றம்

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெரும் வழக்குகளுள் ஒன்று தோழர் ஏ.கே.கோபாலனின் வழக்கு. விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த அந்த வழக்கில், தடுப்புக்காவல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் பார்வை குறுகியது என்பதை ஏற்று, தனிமனித சுதந்திரத்துக்கு விரிந்த பொருளை உச்ச நீதிமன்றம் அளிப்பதற்கு 1978 வரை, மேனகா காந்தி வழக்கு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஏ.கே.ஜி.தான் 1961இல் அய்யப்பன்கோவிலிலிருந்து விரட்டப்பட்ட குடியேற்ற விவசாயிகளுக்காக, குமுளிக்கு அருகே அமராவதியில் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினார்.

அந்த 1961ஆம் ஆண்டின் இறுதியில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. 1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை வித்திட்ட கேரள விவசாய உறவுகள் சட்டத்தை, ஓசதுர்க், காசர்கோடு பகுதி ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. எல்லையின் இந்தப் பக்கமும் விடுபடவில்லை. சென்னை மாநிலத்தின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 1964 மார்ச்சில் அதே கதியை அடைந்தது. அரசமைப்புச் சட்டத்துக்கு 17ஆவது திருத்தம் கொண்டுவந்து, இச்சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த பிறகே அவை உயிர்பெற்றன.

சட்டத்தின் சொற்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் சொத்துரிமைக்கும் நிலமற்றவரின் உரிமைக்கும் இடையே அச்சொற்களை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் நீதிபதியின் வர்க்கப் பின்னணியும் சமூகப் பார்வையும் வேலை செய்கின்றன. ஆகவே நியமனம் என்பது வெறும் நிர்வாக நடைமுறை அல்ல. அது ஓர் அரசியல் கேள்வி.

சாவி அரசின் கையில் இருந்தபோது

அரசமைப்புச் சட்டத்தின் 124ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் நீதிபதிகளைக் கலந்தாலோசித்து உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பார் என்கிறது. தலைமை நீதிபதியின் ஒப்புதல் கட்டாயம் என்று ஆக்கலாமா என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. 1949 மே 24 அன்று அம்பேத்கர் அதை ஏற்க மறுத்தார். தலைமை நீதிபதியும் எல்லோரையும் போலக் குறைகளும் விருப்பு வெறுப்புகளும் உள்ள மனிதரே, அவருக்குத் தடுப்பதிகாரம் அளிப்பது ஆபத்து என்பது அவர் கருத்து. அதே நேரத்தில், அரசின் கையில் முழு அதிகாரத்தையும் ஒப்படைப்பதையும் அவர் ஏற்கவில்லை. இடைப்பட்ட வழியாகவே கலந்தாலோசனை என்ற சொல் வந்தது.

அந்த இடைவழியை அரசு எப்படிப் பயன்படுத்தியது என்பதை 1973 காட்டியது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், 13 நீதிபதிகள் அமர்ந்து, 7க்கு 6 என்ற எண்ணிக்கையில் ஏப்ரல் 24 அன்று தீர்ப்பளித்தனர். நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்பது தீர்ப்பு. நிலச் சீர்திருத்தம் அதனால் வீழவில்லை. ஆயினும் மறுநாளே இந்திரா காந்தி அரசு, பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கம் நின்ற ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூத்த நீதிபதிகள் மூவரையும் தாண்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக அறிவித்தது. நீதிபதியின் சமூகத் தத்துவத்தைப் பார்த்தே நியமிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதிட்டவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்றிய அமைச்சர் மோகன் குமாரமங்கலம்.

முற்போக்கின் பெயரால் சொல்லப்பட்ட அந்த வாதத்தின் விளைவு மூன்று ஆண்டுகளில் தெரிந்தது. அவசரநிலைக் காலத்தில், காரணமின்றிக் கைது செய்யப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகும் உரிமையும் இல்லை என்று 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் கூறினர். மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர்.கன்னா. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி எம்.எச்.பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். நல்ல நோக்கத்தைச் சொல்லி அரசிடம் கொடுக்கப்படும் சாவி, அடுத்து வரும் அரசின் கையிலும் அதே சாவியாகவே இருக்கும். தோழர்கள் மறக்கக் கூடாத பாடம் இது.

1993: ஒரே ஆண்டில் இரண்டு கதவுகள்

நியமனம், நீக்கம் ஆகிய இரண்டு கதவுகளும் இன்றுள்ள நிலையை அடைந்த ஆண்டு 1993.

முதலில் நீக்கம். 124ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி, நிரூபிக்கப்பட்ட தீயொழுக்கம் அல்லது இயலாமை ஆகிய காரணங்களுக்காக மட்டுமே ஒரு நீதிபதியை அகற்ற முடியும். 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மக்களவை உறுப்பினர்கள் 100 பேரோ, மாநிலங்களவை உறுப்பினர்கள் 50 பேரோ கையெழுத்திட்டு அறிவிக்கை கொடுக்க வேண்டும். அவைத் தலைவர் ஏற்றால் மூவர் குழு விசாரிக்கும். குழு குற்றம் உண்டெனக் கண்டால் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும். ஒவ்வோர் அவையிலும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அது மட்டும் போதாது. அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையிலும் பாதிக்கு மேல் வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் வி.ராமசாமி தப்பினார். தமிழ்நாட்டைச் சேர்ந்த அவர், பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, அரசு இல்லத்துக்கு மரச்சாமான்களும் விரிப்புகளும் வாங்குவதில் பொதுப் பணத்தை வரம்பின்றிச் செலவிட்டார் என்பது குற்றச்சாட்டு. பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டார். 1991இல் 108 மக்களவை உறுப்பினர்கள் கொடுத்த அறிவிக்கையை அவைத் தலைவர் ரபி ராய் ஏற்றார். மக்களவை கலைக்கப்பட்ட பிறகும் அத்தீர்மானம் காலாவதியாகாது என்று உச்ச நீதிமன்றமே கூறியது. நீதிபதிகள் பி.பி.சாவந்த், பி.டி.தேசாய், ஓ.சின்னப்ப ரெட்டி ஆகியோர் கொண்ட குழு, 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபிக்கப்பட்டதாக அறிக்கை அளித்தது.

1993 மே 10 அன்று மார்க்சிஸ்ட் கட்சியின் மக்களவை உறுப்பினர் சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். ராமசாமியின் வழக்கறிஞராகக் கபில் சிபல் அவையிலேயே பல மணி நேரம் வாதாடினார். மறுநாள் வாக்கெடுப்பு. ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆளுங்கட்சியான காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் வாக்களிக்காமல் அமர்ந்திருந்தனர். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் என்ற எண் கிட்டவில்லை. எதிர்த்து ஒரு வாக்கும் விழாமலேயே தீர்மானம் தோற்றது. ராமசாமி 1994 பிப்ரவரியில் உரிய வயதில் ஓய்வு பெற்றார்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு, 1993 அக்டோபர் 6 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு நியமனத்தின் சாவியை அரசிடமிருந்து எடுத்துக்கொண்டது. கலந்தாலோசனை என்ற சொல்லுக்கு இனி ஒப்புதல் என்றே பொருள். தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் சேர்ந்து சொல்வதே இறுதி. 1998இல் அந்தக் குழு ஐவராக்கப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் காணப்படாத கொலிஜியம் இவ்வாறு பிறந்தது. அம்பேத்கர் மறுத்த தடுப்பதிகாரம், ஒருவருக்குப் பதிலாக ஐவர் கையில் வந்து சேர்ந்தது. தவறு செய்த நீதிபதியை நாடாளுமன்றம் அகற்றத் தவறிய அதே ஆண்டில், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதிகளிடமே சென்றது.

கொலிஜியத்தின் நிழலில் ஒன்றிய அரசு

கொலிஜியம் வந்ததால் அரசின் தலையீடு ஒழிந்ததா? இல்லை. கோப்பை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவதே இப்போது அரசின் ஆயுதம்.

உத்தராகண்டில் 2016இல் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தவர், அங்கு தலைமை நீதிபதியாக இருந்த கேரளத்தின் கே.எம்.ஜோசப். 2018 ஜனவரியில் அவர் பெயரும் இந்து மல்கோத்ரா பெயரும் ஒன்றாகப் பரிந்துரைக்கப்பட்டன. அரசு ஒரு பெயரை ஏற்று, ஜோசப்பின் பெயரைத் திருப்பி அனுப்பியது. மீண்டும் வலியுறுத்திய பிறகு, அந்த ஆகஸ்டில், பணிமூப்பில் பின்தள்ளப்பட்டே அவர் பதவியேற்றார். 2020 பிப்ரவரியில் தில்லி வன்முறை வழக்கில் காவல்துறையைக் கடுமையாகக் கேள்வி கேட்ட நீதிபதி எஸ்.முரளிதருக்கு அன்றிரவே மாற்றல் ஆணை வந்தது. 2022 செப்டம்பரில் அவரைச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கக் கொலிஜியம் பரிந்துரைத்தது. அரசு அசையவில்லை. 2023 ஏப்ரலில் கொலிஜியமே பரிந்துரையைத் திரும்பப் பெற்றது.

சென்னை வழக்கறிஞர் ஆர்.ஜான் சத்யனின் கதை இன்னும் தெளிவானது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையையும், மருத்துவக் கனவோடு உயிரிழந்த மாணவியைப் பற்றிய ஒரு பதிவையும் அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார் என்பது உளவுத்துறையின் குறை. இது தகுதியைப் பாதிக்காது என்று 2023 ஜனவரி 17 அன்று கொலிஜியம் மீண்டும் அவர் பெயரை வலியுறுத்தியது. அதே நாளில் பரிந்துரைக்கப்பட்டவர், பாஜக மகளிர் அணியில் பொறுப்பு வகித்த விக்டோரியா கௌரி. அவர் மூன்றே வாரங்களில் நீதிபதியாகப் பதவியேற்றார். சத்யனின் பெயர் கிடப்பில் போடப்பட்டது.

அரசியல் பின்னணி உள்ளவர் நீதிபதியாகக் கூடாது என்பதல்ல இங்கு வாதம். பாலக்காட்டு மண்ணில் பிறந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், கம்யூனிஸ்ட் ஆதரவுடன் 1952இல் சென்னை சட்டமன்றத்துக்குச் சென்றவர், 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சர். அவர் 1973இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். இந்திரா காந்தி அரசு நியமித்த அவரே, 1975 ஜூன் 24 அன்று இந்திரா காந்திக்கு முழுத் தடையாணை தர மறுத்தார். சிறைக் கைதிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் நீதிமன்றக் கதவைத் திறந்தவர் அவர். ஓர் அமைச்சர் நீதிபதியாக முடிந்த நாட்டில், இன்று ஒரு கட்டுரையைப் பகிர்ந்தவர் நீதிபதியாக முடியவில்லை. அளவுகோல் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அளவுகோல் ஆளுக்கொரு விதமாக நீள்கிறது, குறைகிறது.

கொலிஜியத்தின் தேர்வுகள் சமூகத்தைப் பிரதிபலிக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. 2018 முதல் 2022 வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் 79 விழுக்காட்டினர் பொதுப் பிரிவினர் என்று ஒன்றிய சட்ட அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் கூறியது. முதல் தலித் உச்ச நீதிமன்ற நீதிபதியாகத் தமிழ்நாட்டின் ஏ.வரதராசன் வருவதற்கு 1980 டிசம்பர் வரை ஆனது. முதல் பெண் நீதிபதியாகப் பத்தனம்திட்டையின் பாத்திமா பீவி வருவதற்கு 1989 வரை ஆனது. ஒரு தலித் தலைமை நீதிபதியாக, கேரளத்தின் கே.ஜி.பாலகிருஷ்ணன், 2007இல்தான் அமர்ந்தார்.

அகற்றும் கதவு யாருக்காகத் திறக்கிறது?

1950 முதல் 2025 முடிய, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி அகற்றப்பட்ட நீதிபதி ஒருவர்கூட இல்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சௌமித்ர சென் வழக்கில், நீதிமன்றப் பொறுப்பாளராக இருந்தபோது பணத்தைக் கையாடியது விசாரணையில் நிரூபணமானது. 2011 ஆகஸ்ட் 18 அன்று தோழர் சீத்தாராம் யெச்சூரி முன்மொழிந்த தீர்மானத்தை மாநிலங்களவையில் 189 உறுப்பினர்கள் ஆதரித்தனர். மக்களவைக்கு வருவதற்குள் சென் பதவி விலகிவிட்டார். அதே ஆண்டில் பி.டி.தினகரனும் விசாரணை முடிவதற்கு முன்பே விலகினார்.

2018 ஜனவரி 12 அன்று நான்கு மூத்த நீதிபதிகள் செய்தியாளர்களைச் சந்தித்து, முக்கிய வழக்குகள் ஒதுக்கப்படும் முறையைக் கேள்விக்குள்ளாக்கினர். ஏப்ரலில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுக்கு எதிராக எதிர்க்கட்சிகள் கொடுத்த அறிவிக்கையை வெங்கையா நாயுடு மூன்றே நாட்களில், விசாரணைக்குக்கூட அனுப்பாமல் நிராகரித்தார்.

அண்மைய இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சேகர் குமார் யாதவ், 2024 டிசம்பர் 8 அன்று விசுவ இந்து பரிஷத் நிகழ்ச்சியில் சிறுபான்மையினருக்கு எதிராகப் பேசினார். மாநிலங்களவை உறுப்பினர்கள் 55 பேர் சில நாட்களிலேயே அறிவிக்கை கொடுத்தனர். 2025ஆம் ஆண்டு முழுவதும் விசாரணைக் குழு அமைக்கப்படவில்லை. யஷ்வந்த் வர்மாவின் தில்லி வீட்டில் 2025 மார்ச்சில் தீப்பிடித்தபோது எரிந்த பணக்கட்டுகள் கிடந்ததாக எழுந்த புகாரிலோ, ஜூலையில் 146 மக்களவை உறுப்பினர்கள் கையெழுத்திட, ஆகஸ்ட் 12 அன்று குழு அமைக்கப்பட்டுவிட்டது. பணம் பற்றிய புகாரை விசாரிப்பது சரியே. ஆனால் மதவெறிப் பேச்சு பற்றிய அறிவிக்கை ஏன் மேசையிலேயே தங்கியது? அவைத் தலைவரின் முடிவுக்குச் சட்டத்தில் கால வரம்பு இல்லை என்பதுதான் விடை.

அப்படியானால் நீக்கத்தை எளிதாக்கிவிடலாமா? இலங்கையைப் பாருங்கள். திவிநெகும மசோதாவில் மாகாண சபைகளின் உரிமையை வலியுறுத்தித் தீர்ப்பளித்த தலைமை நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவை, 2013 ஜனவரியில் நாடாளுமன்றம் 155க்கு 49 என்ற வாக்குகளால் நீக்கியது. ஆளுங்கட்சி உறுப்பினர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட நாடாளுமன்றத் தெரிவுக்குழுவே அவரை விசாரித்தது. ஆட்சி மாறிய பின், 2015 ஜனவரியில், அந்த நீக்கம் செல்லாது எனக் கருதப்பட்டு அவர் மீண்டும் பொறுப்பேற்று ஓய்வு பெற்றார். வெறும் பெரும்பான்மை பலத்தால் நீதிபதியை அகற்ற முடிந்தால், முதலில் அகற்றப்படுபவர் அரசை எதிர்த்துத் தீர்ப்பெழுதியவராகவே இருப்பார்.

ஓய்வுக்குப் பின் வரும் பரிசு

நீதிபதியின் சுதந்திரத்துக்கு மூன்றாவது ஆபத்தும் உண்டு. உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெறுகிறார். முன்னாள் தலைமை நீதிபதி பி.சதாசிவம் 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்று, செப்டம்பரில் கேரள ஆளுநரானார். 2018இல் செய்தியாளர்களைச் சந்தித்த நால்வரில் ஒருவரான ரஞ்சன் கோகோய், தலைமை நீதிபதியாகி ஓய்வு பெற்ற நான்கே மாதங்களில் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். எஸ்.அப்துல் நசீர் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே ஆந்திர ஆளுநராக அறிவிக்கப்பட்டார். இவர்களின் தீர்ப்புகளுக்கும் பதவிகளுக்கும் தொடர்பு உண்டா என்பதைவிட முக்கியமானது, அப்படி ஒரு கேள்வி மக்கள் மனத்தில் எழ இடம் கொடுக்கப்பட்டிருப்பதே.

என்ன வேண்டும்?

2014இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தில் ஆறு பேர்: மூன்று நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள். எந்த இருவர் மறுத்தாலும் ஒரு பெயர் விழுந்துவிடும். 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லாததாக்கியது. அரசின் சாவி மீண்டும் வேண்டாம். நீதிபதிகளின் சாவியும் போதாது. வேண்டியது, நீதித்துறை, நாடாளுமன்றம், வழக்கறிஞர்கள், சமூகப் பிரதிநிதிகள் ஆகியோர் இடம்பெறும், ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மையோ தடுப்பதிகாரமோ இல்லாத, சுதந்திரமான தேசிய நீதித்துறை ஆணையம்.

அந்த ஆணையம் தேர்வின் அளவுகோலை எழுதி வெளியிட வேண்டும். பெண்கள், தலித்துகள், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோருக்கு உரிய இடம் அந்த அளவுகோலில் இருக்க வேண்டும். பரிந்துரைத்த பெயரை அரசு எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்ல வேண்டும். நீதிபதிகள் மீதான புகார்களையும் அதே ஆணையம் விசாரிக்க வேண்டும். நீக்கம் ஒன்றே தண்டனை என்றில்லாமல், குற்றத்துக்கேற்ற நடவடிக்கைகள் வேண்டும். நீக்க அறிவிக்கையின் மீது அவைத் தலைவர் முடிவெடுக்கக் கால வரம்பு வேண்டும். ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி ஏற்பதற்குக் குறைந்தது சில ஆண்டுகள் இடைவெளி வேண்டும்.

தோழர்களே, நீதிபதிகளைப் பற்றிப் பேசுவது தொழிலாளியின் வேலையா என்று சிலர் கேட்கலாம். 1967 நவம்பரில் முதலமைச்சர் இ.எம்.எஸ்., நீதிபதிகளும் வர்க்கச் சார்புக்கு விலக்கானவர்கள் அல்லர் என்று செய்தியாளர்களிடம் கூறினார். நீதிமன்ற அவமதிப்பு என்று உயர் நீதிமன்றம் 1000 ரூபாய் அபராதம் விதித்தது. 1970இல் உச்ச நீதிமன்றம் அதை 50 ரூபாயாகக் குறைத்தது. ஆனால் குற்றம் குற்றமே என்றது. அபராதம் குறைந்தது. அவர் எழுப்பிய கேள்வி குறையவில்லை.

அணையின் நீர்மட்டத்தை எழுதுபவரும், ஏலமலையின் பட்டாவை நிறுத்துபவரும் யாரென்று அறியும் உரிமை, இந்த எல்லையின் இரு பக்கத்து மக்களுக்கும் உண்டு. அவர்கள் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள், தவறினால் யாரிடம் பதில் சொல்வார்கள் என்று கேட்கும் உரிமையும் உண்டு. தண்ணீருக்காக ஒருவரையொருவர் எதிர்த்து நிறுத்தப்பட்ட தமிழ், மலையாளத் தொழிலாளர்கள் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. கிளைக் கூட்டங்களிலும் தொழிற்சங்க மேடைகளிலும் இதை எடுத்துச் செல்வது ஒவ்வொரு கட்சி உறுப்பினரின் கடமை.